அயலூரில் நமக்கு உறவினர் யார்?

சொந்த ஊரில் நோய்நொடி வந்தால் அண்ணன், தம்பி, மாமன், மைத்துனன் என்று பத்துப் பேர் ஓடி வருவர். பிழைப்பை நாடி வந்த ஊரில் அத்தகைய சுற்றம் நமக்கு ஏது?

கரக்பூரில் ரயில்வே குமாஸ்தாவாக உள்ள எனக்கு இக்கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. பிரசவத்தில் என் மனைவிக்கு உதிரப்போக்கு மிகுந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக உறவினர் இருவர் ரத்தம் தரவேண்டும் என்றனர். என் உறவினரோ கும்பகோணத்தில்! அன்றிரவு வந்து கொடுத்தவர்கள், உடன் வேலை செய்யும் வங்காளி ஒருவரும் தெலுங்குக் கலாசி ஒருவருமே. ஆனால் என் மனைவியின் உடலில் ஏறிய ரத்தத்தை அளித்த புண்ணியவான்கள் யாரென இன்றளவும் அறியேன்.

ரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய இயலாது. விலைக்கு ரத்தம் விற்பதும் உச்சநீதிமன்றத் தீர்ப்பினால் 1998 ஜனவரி முதல் ஒழிந்தது. ஆகவே, மனிதர் மனமுவந்து ஈந்தாலன்றி அது கிட்டாது. 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் நல்ல ஆரோக்கியமும் உடையவர் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு 350 மில்லி போதும். ஆடவர் மூன்று மாதத்துக்கும், பெண்டிர் நான்கு மாதத்துக்கும் ஒருமுறை அளிக்கலாம்.

பொங்கல் விழாவன்று நாற்பது பேர் ஒருங்கே கொடுப்பது நன்றே. எனினும், சேமித்த ரத்தம் சாதாரணமாக ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது. ஆதலின் நம் சங்கத்தார் நான்கு அணிகளாகப் பிரிந்து, காலாண்டுக்கு ஓர் அணியாக அளித்தால் ஆண்டு முழுவதும் பயன்படும்.

பெறுபவர் எம்மொழியினராயினும் ஆகுக. நமக்குக் கொடுத்தவர் நம் மொழியைக் கேட்கவில்லை.