மாளிகைக்கும் கடலுக்கும் நடுவே

செல்வர் வாழும் கடற்கரையிலே நடக்கும் எளிய வழிப்போக்கன் தன் காலடி ஓசைக்கே கூசுவான். அறிவித்தற் பலகை எதுவும் அவனைத் தடுப்பதில்லை. எனினும், ‘இஃது உனக்குரிய இடமன்று’ என மதில்களும் புற்றரைகளும் வாய்திறவாமலே சொல்லிவிடுகின்றன. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோட் நகரில் இவ்வுணர்வு நம்மை அடிக்கடி பற்றிக்கொண்டது.

அந்நகரின் கிழக்குக் கரையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை ஒட்டிய பாறை முகட்டின்மீது ஏறக்குறைய மூன்றரை மைல் நீளமான நடைபாதை ஒன்று செல்கிறது. ஒரு புறம் அலைகள்; மறுபுறம் கோடீசுவரர் கட்டிய மாளிகைகள். அவர்களோ இவற்றைக் ‘குடில்கள்’ என்றே அழைத்தனர்! அக்குடில்களின் இலட்சணத்தைக் கேளுங்கள். புகையிரதப் பாதைகளாற் பெருநிதி சேர்த்த வன்டர்பில்ற் குடும்பத்தவரான இரண்டாம் கோர்னீலியஸ் கட்டுவித்த ‘பிறேக்கர்ஸ்’ 1895 இல் நிறைவெய்தியது. அதில் அறைகள் 70. குளியலறையில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் வெவ்வேறு குழாய்கள். வாசலிற் கிடக்கும் கடலையே உள்ளே அழைத்துக்கொண்டனர் போலும். அவருடைய தம்பி தம் மனைவிக்காக எழுப்பிய பளிங்கு மாளிகை 1892 இல் முடிந்தது. அதற்கு 110 இலட்சம் டொலர் செலவாயிற்று என்பர். இவ்வளவும் கோடைகாலத்துச் சில வாரங்களுக்கே.

வீதிப் பக்கத்திற் பெருங்கதவுகள் இம்மாளிகைகளை மறைக்கின்றன. கடற்பக்கத்திலோ மறைப்பு மிகக் குறைவு. அதனாலேதான் நமக்குக் கூச்சம் மிகுந்தது. பிறர் வீட்டு முற்றத்தை ஒளிந்து பார்ப்பவர்போலத் தலைகுனிந்தே நடந்தோம்.

ஆயினும் இப்பாதை எவரும் இட்ட பிச்சையன்று. மண் பெரும்பாலும் மாளிகைக்காரருடையது. அதன்மேல் நடக்கும் உரிமை மக்களுடையது. சிலர் வேலியும் சுவரும் எழுப்பித் தடுக்க முயன்றும் அவ்வுரிமை அழியவில்லை. 1843 இல் நடைமுறைக்கு வந்த மாநில அரசியல் யாப்பே மீன்பிடி உரிமையையும் கரையின் உரிமைகளையும் மக்களுக்கு உறுதிசெய்தது. 1986 இல் அவை பெயர் சொல்லியே குறிக்கப்பட்டன: கரையில் நின்று மீன்பிடித்தல், கடற்பாசி சேர்த்தல், நீந்துதற்குக் கடலில் இறங்குதல், கரைவழியே நடத்தல். கடற்பாசி பொறுக்குபவனை நினைந்து யாப்பு வரைந்தோரை நாம் மெச்சாதிருக்க முடியவில்லை. மணற்கரைகளில் ‘கரை எதுவரை?’ என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. அலை ஒதுக்கிய பாசிக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 10 அடிவரை எவரும் நடக்கலாமென 2023 இல் சட்டம் வகுத்தனர்.

பாதையின் ஓரிடத்தில் ‘நாற்பது படிகள்’ கடலை நோக்கி இறங்குகின்றன. மாளிகைகள் செழித்திருந்த நாளில், சமையலாட்களும் பணிப்பெண்களும் ஓய்வுநேரத்தில் இங்கே கூடி இசைத்து ஆடுவராம். 70 அறைகளைத் துடைத்தவர்கள் கடலைக் காண வந்த இடம் இது. நமக்கு அவர்களே அண்மையராகத் தோன்றினர். சற்று நேரம் அங்கே தங்கினோம்.

பிறேக்கர்ஸ் இன்று அரும்பொருட்சாலை. கட்டணம் செலுத்தினால் எவரும் உள்ளே போகலாம். பாதைக்கு இனி மாளிகைக்காரரினும் கடலே பெரும்பகை. 2022 மார்ச் மாதத்தில் அப்படிகளுக்கு அருகே பாறைச்சரிவு இடிந்து, நடையின் ஒரு துண்டு கீழே போயிற்று. அதன்பின் நடப்போர் அவ்விடத்தில் கடலை விட்டு, வீதிவழியே சுற்றிச் செல்ல நேர்ந்தது.