இடக்கரடக்கல்

நன்னூல் நடத்தும்போது இடக்கரடக்கலுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் சொல்வேன்: 'கால் கழுவி வந்தேன்'. மாணவிகள் சிரிப்பார்கள். அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது என்று விளக்கிவிட்டு, அடுத்து மங்கலத்துக்குப் போய்விடுவேன்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தபோது மூத்திரக் குழாய் போட்டார்கள். உள்ளே போனதும் குழாயின் நுனியிலிருக்கும் சின்ன பலூனில் தண்ணீர் ஏற்றுவார்கள். அதுதான் குழாயை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. கட்டிலோரம் தொங்கிய பையை நான்தான் காலி செய்தேன். பை எப்போதும் வயிற்றுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், மேலே தூக்கினால் மூத்திரம் திரும்ப உள்ளே போகும் என்று நர்ஸ் சொல்லித் தந்தார். அண்ணன் வந்தால் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் பையின்மேல் துண்டைப் போடுவேன்.

மூன்றாம் நாள், குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே" என்றேன். ராத்திரியில் எழுந்து பெட்பேன் வைக்க வேண்டாம், துணி மாற்ற வேண்டாம், காலையில் கல்லூரிக்கும் போகலாம். பெண்களுக்கு மூத்திரத் தாரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான், கிருமி சீக்கிரம் ஏறிவிடும், குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும் என்றார் அவர். "பார்த்துக்கிறவங்க வசதிக்காகக் குழாயை விட்டுவைக்கக் கூடாதும்மா." எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அன்றிரவு அம்மாவும் கேட்டாள். "எடுக்க வேணாம்னு சொல்லுடி. இது இருந்த மூணு நாளும்தான் நெனச்சப்ப தண்ணி குடிச்சேன்."

ஊரில் விடியுமுன் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை ஓடைப்பக்கம் ஒதுங்குவார்கள். நடுவில் பகல் முழுக்கப் பருத்திக்காட்டில் களையெடுப்பாள். மூத்திரம் முட்டுமே என்று தண்ணீர் குடிக்கமாட்டாள். நீர்க்கடுப்பு வந்தால் சூடு என்பாள், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வாள். மலச்சிக்கலுக்கும் விளக்கெண்ணெய்தான் குடித்தாள், தண்ணீர் இல்லை. டவுனுக்கு வந்து வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டிய பிறகும் பழக்கம் போகவில்லை. பஸ் ஏறுகிற நாளில் முந்தின இரவிலிருந்தே குடிக்கமாட்டாள். நானும் அப்படித்தான். எங்கள் கல்லூரியில் பேராசிரியைகளுக்கான கழிப்பறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை நான் அடக்கிக்கொண்டுதான் நன்னூல் நடத்துகிறேன்.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். தானாக மூத்திரம் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும், தண்ணீர் கொடுங்கள் என்றார் நர்ஸ். அம்மா யோசித்தாள். "ராத்திரி எத்தனை தடவ வேணும்னாலும் எழுப்பும்மா. நானும் குடிக்கிறேன்" என்று சொல்லி, நான் முதலில் ஒரு டம்ளர் குடித்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து, அண்ணன் அறையில் இருக்கும்போதே அம்மா சொன்னாள்: "மூத்திரம் வருது."

அவர் வெளியே போக எழுந்தார். "எங்க போற? அந்தப் பெட்பேன எடு" என்றேன். எடுத்துக் கொடுத்தார்.