ஏட்டில் இடம், வீட்டில் இடமில்லை

பேரரசர் அகுஸ்து தம் குடிகளைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்ட நாள்களில், சூசையப்பரும் மரியன்னையும் பெத்லகேம் சென்றதை நாம் அறிவோம். அரசின் ஏட்டில் அவர்களுக்கு இடம் இருந்தது. சத்திரத்தில் இடம் இல்லை. திருவொற்றியூரைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் இந்நற்செய்திப் பகுதியே நம் நினைவில் எழுகின்றது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவொற்றியூர் நகராட்சியில் வாழ்ந்தோர் 2,49,446 பேர். அதே ஆண்டில் அந்நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. எனவே, தனி ஊராக நின்று அது எண்ணப்பட்ட இறுதிக் கணக்கும் அதுவே.

ஊரோ மிகப் பழமையானது. தேவாரப் பாடல் பெற்ற தியாகராசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் இங்குள்ளன. இதன் தெற்கே அமைந்தது இராயபுரம். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் சரக்குகளை அலைகளினூடே கரை சேர்த்த படகோட்டிகள், அங்கே புனித இராயப்பருக்கு ஆலயம் எழுப்பினர். 1856-இல் தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்டதும் இராயபுரத்திலிருந்தே. பின்னர்த் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், வடக்கே எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் தோன்றின. நாடெங்கும் ஓடும் வண்டிகளும், மாநகரம் எரிக்கும் விளக்குகளும் இக்கடற்கரையின் உழைப்புக்குக் கடன்பட்டவை.

ஆனால், அவ்வுழைப்பாளர் வாழும் நிலை யாது? வீடு மந்திரிக்கச் செல்லும்போது, ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழக் காண்கிறோம். இரவு வேலை முடித்த தந்தை உறங்க, பிள்ளை மாடிப்படியில் அமர்ந்து பாடம் படிக்கின்றான். 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கரையொதுங்கியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவ, மீனவரின் படகுகளும் வலைகளும் கறுத்தன.

“பிள்ளைக்கு இரைப்பு விடவில்லை சாமி, வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா?” என்று தாய்மார் நம்மைக் கேட்கின்றனர். ‘போங்கள்’ என்று சொல்வது எளிது. படகையும் வேலையையும் இங்கே வைத்திருப்பவர் எங்கே போவர்? ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பதோ அதனினும் எளிது. ஆனால், நோயுற்ற குழந்தையின் பெயரால் பொறுமையைப் போதிக்க நமக்கு உரிமையில்லை.

நம்மால் இயல்வது ஒன்றுண்டு. அன்பியக் கூட்டங்கள்தோறும் தெருத்தெருவாக ஒரு கணக்கு எடுப்போம். எவ்வீட்டில் இரைப்பு நோய், எங்கே குடிநீர் இல்லை, யாருக்கு வேலை போயிற்று என்பவற்றை எழுதுவோம். இந்து, இசுலாமிய அயலாரின் வீடுகளையும் விலக்காமல் சேர்ப்போம். அவர்களோடு ஒன்றாகச் சென்று, அதனை மாநகராட்சியிடமும் சுகாதார அதிகாரிகளிடமும் அளிப்போம். பதில் வரும்வரை மாதந்தோறும் செல்வோம்.

பெத்லகேமில் அக்குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு மாட்டுத் தொழுவமே. இவ்வூர்க் குழந்தைகளுக்கு நாம் கேட்பது மாளிகையன்று. அச்சமின்றி மூச்சுவிட ஓர் இடமே.