தண்ணீர் எந்த வழியாக வந்தது?

பழைய காரில் தண்ணீர் தேங்கும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறு. எங்கள் வீட்டு ஹேட்ச்பேக் 15 வருஷத்தைத் தாண்டிய வண்டி. 2022 ஏப்ரலில் இந்த வயது கார்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதைக் கட்டி, எஃப்.சி. காட்டி, இன்னும் 5 வருஷத்துக்கு ஓட்டலாம் என்று வைத்திருக்கிறோம். அந்த வண்டியில்தான் ஐப்பசி மழைக்கு டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடம் ஊறிப்போயிருந்தது. மேட்டைத் தூக்கினால் கார்ப்பெட், அதற்கும் அடியில் கனத்த பஞ்சு. பிழியப் பிழியத் தண்ணீர்.

இந்தப் பஞ்சுதான் ஆபத்து. கார்ப்பெட் மேலே காய்ந்துவிடும், பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தரைத் தகடு அங்கேதான் துருப்பிடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாமலே ஓட்டை விழுகிறது.

முதலில் அது என்ன தண்ணீர் என்று தெரிய வேண்டும். டிஷ்யூ பேப்பரில் ஒற்றி முகர்ந்தேன். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட், ஹீட்டர் ஒழுகுகிறது என்று பொருள். அப்படி இல்லை. ஏசி தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்தாலும் இதே இடத்தில்தான் சேரும். ஆனால் ஏசி போட்டால் வண்டிக்கடியில் ஒழுங்காகச் சொட்டியது. ஓட்டாமல் நிறுத்தியிருந்த நாளில்கூட மழை பெய்தால் உள்ளே ஈரம். ஆக, மழைத் தண்ணீரேதான்.

ஒர்க்‌ஷாப்பில், "கண்ணாடியைச் சுத்தி சிலிகான் அடிச்சு விட்ருவோம் சார், நின்னுரும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழி தெரியாமல் பூசுகிற சிலிகான் தடயத்தைத்தான் அழிக்கும். அடியில் ஈரம் சிக்கினால் துருவுக்கும் வசதி.

தம்பியைக் குழாய் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தேன். கீழிருந்து மேலே போக வேண்டும். கூரையில் ஊற்றினால் எல்லாமே நனைந்து ஒன்றும் விளங்காது. பீய்ச்சவும் கூடாது, மழை மாதிரி வழியவிட வேண்டும். கதவின் அடிப்பக்கம், பீடிங், கண்ணாடி ஓரம் என்று ஒவ்வொன்றாக நனைத்தான்.

"அண்ணே, வருதா?"

"இல்லடா. வைப்பருக்குக் கீழே விடு."

சற்று நேரத்தில் புளோயருக்குப் பக்கத்தில் ஒயர் கட்டின் மேல் ஒரு கோடு மினுங்கியது. அது ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வளைவில் திரண்டு, சொட்டுச் சொட்டாகக் கார்ப்பெட்டுக்குள் மறைந்தது.

வைப்பரைக் கழற்றி, அதன் கீழிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எடுத்தோம். உள்ளே வேப்பஞ்சருகு மக்கி எருவாகியிருந்தது. இரண்டு ஓரத்திலும் தண்ணீர் இறங்க வேண்டிய துளைகள் அடைந்து கிடந்தன. தேங்கிய தண்ணீர் மட்டம் ஏறி, ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே வழிந்திருக்கிறது.

தண்ணீரே புகாதபடி காரைச் செய்வதில்லை. புகுந்தது வெளியேற வழி வைத்திருக்கிறார்கள். கதவும் அப்படித்தான். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் மழை இறங்கும், கதவின் அடியிலுள்ள துளைகளில் வெளியேறும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாள்தான் அது காருக்குள் வராமல் தடுப்பது. பவர் விண்டோ, ஸ்பீக்கர் வேலை பார்க்கும்போது இந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். எங்கள் இடது கதவிலும் பாதித் தாள் இல்லை. கனமான பாலித்தீனை அளவு வெட்டி, பியூட்டைல் டேப்பால் ஒட்டினோம். பிறகு சீட்டைக் கழற்றி, பஞ்சோடு கார்ப்பெட்டை மொட்டை மாடியில் உலர்த்தி, தகட்டின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் அடித்தோம். அடுத்து வந்த அடைமழையிலும் தரை காய்ந்தே இருந்தது.

மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன் வைப்பருக்குக் கீழே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முன் சக்கரத்தின் பக்கமாகத் தரையில் இறங்கினால் சரி. இறங்கவில்லை என்றால் அன்றைக்கே அந்த மூடியைக் கழற்றிச் சருகை அள்ளிவிடுங்கள்.