உப்புநீர் படாத படகு

படகை விற்றவர் வியாபாரி அல்ல, தனி ஆள் என்று கேட்டதுமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

வாங்கியவர் சிங்கப்பூரில் வளர்ந்த தமிழ் இளைஞர். வார இறுதிகளில் பொங்கோல் பக்கம், ஜொகூர் நீரிணையில் நண்பர்களோடு, படகு இழுக்கப் பலகையில் நின்று சறுக்கும் வேக்போர்டிங் செய்பவர். “சார், லெமன் சட்டம் இருக்குல்ல, அதுல போட்டுடலாமே?” என்றார். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டம் நல்ல கேடயம்தான். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் சொந்தப் படகை விற்கும் தனி ஆளை அது தொடாது. பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கேட்கும் திருப்திகரமான தரமும் வியாபாரிக்கு மட்டுமே உள்ள கடமை.

வேக்போர்டிங் படகு ஏரிக்கென்றே பிறந்தது. தொட்டிகளில் தண்ணீரை ஏற்றிப் படகை வேண்டுமென்றே அமிழ்த்தி, பின்னால் எழும் அலையைப் பெரிதாக்குவார்கள். பல படகுகளில் எஞ்சினைக் குளிர்விப்பதும் வெளியிலிருந்து உறிஞ்சும் தண்ணீர்தான். கடலில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவ வேண்டும். தவறினால் வார்ப்பிரும்பை உப்பு உள்ளிருந்தே தின்றுவிடும். பழைய படகு வாங்குபவர் ‘எந்தத் தண்ணீரில் ஓடியது?’ என்று முதலில் கேட்பது அதனால்தான்.

‘அமெரிக்க ஏரியில் ஓடியது, உப்புநீரே படாதது’ என்றது இந்தப் படகின் விளம்பரம். வாங்கிய நான்காம் மாதம் எஞ்சின் சூடேறி நின்றது. மெக்கானிக் கழற்றிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே புதுப் பெயின்ட். உள்ளே தண்ணீர் ஓடும் வழியில் துரு ஏடு ஏடாக நின்றது. விரல் பட்டதும் உதிர்ந்தது.

உங்கள் கட்சிக்காரர்தான் கடலில் ஓட்டிக் கெடுத்தார் என்றது எதிர்த்தரப்பு. நியாயமான வாதம். அதை உடைத்தது படகுத்துறையின் பதிவேடு. அங்கே படகுகளை ரேக்கில் அடுக்கி வைத்து, கேட்கும்போது ஃபோர்க்லிஃப்டில் தூக்கிக் கடலில் இறக்குவார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் தேதி உண்டு. விற்பனைக்கு முந்திய ஓராண்டு முழுக்க அந்தப் படகு கடலில் இறங்கியிருந்தது.

சட்டத்தில் எனக்குக் கைகொடுத்தது அதே பொருள் விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. பொருள், சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். விற்பவர் தனி ஆளானாலும் விலக்கில்லை. 1967இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பீல் எதிர் டெய்லர் வழக்கைக் காட்டினேன். 1961 ஹெரால்டு கார் என்று ஒரு தனி ஆள் விளம்பரம் செய்தார். வாங்கியவர் நேரில் பார்த்துத்தான் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி மட்டுமே 1961. முன்பாதி வேறொரு காருடையது, நடுவில் வெல்டிங். அது விற்றவருக்கே தெரியாது. இருந்தும் வாங்கியவர் ஜெயித்தார். படகுச் சந்தையில் எந்தத் தண்ணீர் என்பது, காருக்கு எந்த ஆண்டு என்பதைவிடக் கனமான விவரம் என்று வாதிட்டேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மாதக்கணக்கில் ஓட்டிவிட்டதால் படகைத் திருப்பித் தர முடியவில்லை. சொன்னபடி இருந்திருந்தால் பெறும் மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் இழப்பீடாகக் கிடைத்தது.

விற்ற அன்றே அந்த விளம்பரம் நீக்கப்பட்டிருந்தது. கட்சிக்காரர் முன்பே கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்ததால்தான் வழக்கே நின்றது. தனி ஆளிடம் படகு வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் விளம்பரத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். எந்தத் தண்ணீரில் ஓடியது என்பதை எழுதி, கையெழுத்தோடு வாங்குங்கள்.