மொத்த ஊரும் உட்காரலாம் சார்!

சியாட்டிலிலிருந்து கிழக்கே காரில் ஐந்து மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் கோதுமை, கோதுமை, கோதுமை! மேடும் பள்ளமுமான அந்த வயல்களுக்கு நடுவே புல்மன். வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி இருக்கிற ஊர்.

2020 சென்ஸஸ்படி ஜனத்தொகை சுமார் 33,000. ஃபுட்பால் ஸ்டேடியத்தில் ஸீட்டும் ஏறக்குறைய அவ்வளவே. (நம்ம ஃபுட்பால் இல்லை, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ரகம்!) வருஷத்தில் ஆறேழு சனிக்கிழமை மேட்ச். லாட்ஜ்காரருக்கும் ஓட்டல்காரருக்கும் அதுதான் தீபாவளி.

ஆனால் டி.வி. கம்பெனி ஸ்டேடியத்துத் தலைகளையா எண்ணும்? வீட்டு டி.வி.க்களைத்தான் எண்ணும். 2022-ல் லாஸ் ஏஞ்சலீஸ் காலேஜ்கள் இரண்டு, பேக்-12 லீகை உதறிவிட்டு 'பிக் டென்'னுக்குத் தாவுவதாக அறிவித்தன. அடுத்த வருஷம் சியாட்டில் காலேஜும் அதே ரூட். பசிபிக் ஓரத்து ஸ்டான்ஃபோர்டு போய்ச் சேர்ந்த லீகின் பேர் 'அட்லாண்டிக் கோஸ்ட்'. சமுத்திரமே மாறிப்போச்சு!

2024-ல் லீகில் மிஞ்சியது புல்மனும் ஆரிகன் ஸ்டேட்டும் மட்டுமே. கடைசி இடம் வந்தாலும் ரன்னர்-அப்! அந்த செப்டம்பரில் புல்மன் பையன்கள் சியாட்டிலுக்கே போய், ஓடிப்போன பங்காளியை 24-19 என்று மண்ணைக் கவ்வ வைத்தார்கள். பங்காளி சும்மா இருப்பாரா? 2025-ல் புல்மனுக்கு வந்து 59-24 என்று வட்டியோடு தீர்த்துவிட்டுப் போனார்.