பம்ப் போகவில்லை, காற்று புகுந்திருக்கிறது

வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது தெரியும். சம்பவம் நடந்த நேரத்துக்கும் எஃப்.ஐ.ஆர். பதிவான நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பார். "ஏன் இத்தனை மணி நேரம்?" என்பார். இரவில் பஸ் இல்லை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு கூலித் தொழிலாளி கூண்டில் நின்று சொன்னால் அது எளிதில் எடுபடாது. ஆகவே வண்டி ஓடுவதும் நம் அரசியலில் சேர்ந்ததுதான்.

சாணார்பட்டி ஒன்றியத்தில் நாங்கள் சுற்றுவது ஒரு பழைய டீசல் ஜீப்பில். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எல்லாம் மெக்கானிக்கல் பம்ப்தான். நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் காலனிகளுக்கும் சிறுமலை அடிவாரத்துக்கும் அதில்தான் போகிறோம். போன மாதம் அது காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஒருமுறை பிடித்துவிட்டால் ஓடும், ஆனால் மேட்டில் திணறும். ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் பார்த்த உடனே "பம்ப் போச்சு, மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாத டீசல் செலவைத் தாண்டியது. பம்பைக் கழற்ற விடாமல், எங்கள் காலனி மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுவந்தோம்.

அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "நைட்டு நிறுத்தி வச்சா மட்டும் மக்கர் பண்ணுதா? சூட்டுல உடனே புடிச்சுக்குதா? புகை என்ன கலரு?"

அந்தக் கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். நாசில் திறந்து அப்படித் தெளிக்க நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். டீசல் லேசில் சுருங்காது. அதனால் பம்ப் தள்ளுகிற அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் அது சுருங்கிக்கொடுக்கும். பம்பின் பலமெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள ஹோஸில் விரிசல் விட்டால், டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை. அங்கே பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் வெளிக்காற்று உள்ளே போகும். ராத்திரி வண்டி நிற்கும்போது டீசல் திரும்ப டேங்குக்கே இறங்கிவிடும். தரை காய்ந்திருப்பதைப் பார்த்து லீக் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

அண்ணன் அந்த ஹோஸ் வழியில் ஒரு சாண் கண்ணாடி ட்யூபைச் சொருகினார். என்ஜின் ஓடும்போது உள்ளே குமிழ் குமிழாகப் போனது. கிளாம்ப் அடியில் ஹோஸ் வெடித்திருந்தது. ஹோஸையும் செம்பு வாஷர்களையும் மாற்றினார். ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை ஹேண்ட் பம்பை அடித்து, திரும்ப முடுக்கினார். வண்டி பிடித்துக்கொண்டது.

பிறகு ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். தளர்த்தும்போது என்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. சத்தம் மாறாவிட்டால் அங்கேதான் கோளாறு. மூன்றாவதில் மாறவில்லை. அந்த நாசிலை மட்டும் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். இதைச் செய்யும்போது கையைத் தள்ளியே வையுங்கள். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சின்னக் காயம்தான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்களில் சிலர் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். அறிகுறியைக் கேட்டு, காரணங்களை வரிசைப்படுத்தி, செலவில்லாததை முதலில் சோதித்து, ஒவ்வொன்றாக விலக்குவதை ஆய்வு முறை என்று வகுப்பில் படித்தோம். எட்டாவதோடு பள்ளியை விட்ட அண்ணன் அதையே செய்கிறார். எங்களுடையது படிப்பு என்றும் அவருடையது கைவேலை என்றும் பிரித்து வைத்திருப்பது யார்? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டது இதைத்தான்.

டீசல் பம்ப் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் பெருமளவு உற்பத்திக்கு வந்தது 1927-இல். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ அதை இங்கே தயாரித்தது. இந்தத் தொழிலுக்குப் பரம்பரை கிடையாது, எந்தச் சாதியும் உரிமை கொண்டாட முடியாது. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்று 1942-இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில் அம்பேத்கர் கேட்டதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அதற்காகப் பட்டறையில் சாதி இல்லை என்று சொல்லவில்லை. மெயின் ரோட்டுக் கடை யாருக்கு வாடகைக்குக் கிடைக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் யாருக்குக் கடனாகக் கிடைக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். அண்ணனின் பட்டறை இன்னும் காலனிப் புளியமரத்தடியில்தான் இருக்கிறது.

அடுத்த பயிற்சி முகாமில் அரைநாள் இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். பெண் தோழர்கள் உட்பட எல்லோரும் ஏர் எடுக்கப் பழக வேண்டும். வண்டியில் ஸ்பேனர் செட், ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், இரண்டு கிளாம்ப், வாஷர், ஒரு ஃபில்டர், டார்ச் எப்போதும் இருக்க வேண்டும். பாடம் நடத்தப்போவது அண்ணன்தான். முகாமுக்கு வரும் பேராசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையை அவருக்கும் கொடுக்கிறோம்.